எச்சில் கையும் காக்காக் கூட்டமும்: வசவைச் சிரிப்பாக்கும் வழி

"கஞ்சப் பிசினாறி" என்றால் வசவு. "எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டான்" என்றால் திட்டு வாங்கியவரே சிரித்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் நடப்பது என்ன என்று பிடிபட்டால் நீங்களும் எழுதலாம்.

முதல் படி, வசவைத் தேர்ந்தெடுப்பது. கஞ்சத்தனம், தாமதம், தூக்கம், மறதி என்று செயலைப் பற்றியதாக இருக்கட்டும். நிறம், உடம்பு, சாதி பக்கம் போகவே கூடாது. அங்கே கற்பனை வளராது, காயம்தான் மிஞ்சும்.

இரண்டாவது, அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்யுங்கள். கையை வீசினால் விரலில் ஒட்டிய பருக்கை காக்காவுக்குப் போய்விடும். அந்தப் பருக்கை தெரிவதால்தான் சொலவடை இத்தனை காலம் நிற்கிறது.

மூன்றாவது படியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆளை மேலும் மேலும் திட்டிக்கொண்டே போவார்கள். ஆளை விட்டுவிடுங்கள். அவர் அப்படி இருப்பதால் சுற்றியுள்ள உலகம் என்ன ஆகிறது என்று பாருங்கள்:

அமாவாசையன்று அவர் "கா... கா..." என்று கூப்பிட்டார். காக்காக்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் அலகில் ஒரு பருக்கை கொண்டுவந்து அவர் இலையில் வைத்தது. அவர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன அமாவாசைக்கு இதைவிட மூணு கூட வந்துச்சே?"

இதில் ஒரு வசவுச்சொல்கூட இல்லை. பொய் ஒன்றே ஒன்று, காக்கா இரக்கப்படுவது. மற்றதெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. "மூணு" என்ற கணக்கை எடுத்துவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

இந்த வித்தையில் காளமேகப் புலவரை மிஞ்ச ஆளில்லை. நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தில் பசியோடு காத்திருந்தவர் பாடினாராம்: பொழுது சாயும்போது அரிசி வரும், குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்கும், "ஓரகப்பை அன்னம் இலையிலிட வெள்ளி எழும்". காத்தானை ஒரு வார்த்தை திட்டவில்லை. வானத்தையே கடிகாரமாக்கி, படிப்படியாக நேரத்தை இழுத்து, கடைசியில் விடிவெள்ளியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஒரே ஒரு அகப்பை என்பதைக் கவனியுங்கள்! பிறகு காத்தான் வருந்தியதும், ஊர்ப் பசி அடங்கும், சோற்றின் வெண்மைக்கு வெள்ளி நாணும் என்று அதே பாட்டுக்குப் புகழாகப் பொருள் சொன்னார் என்பது கதை.

இப்போது நீங்கள். "களிமண் மண்டை" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை வருகிறது, அவன் அம்மா என்ன செய்வாள்? பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்?