சாரலுக்கு முன் கேம்பர் வேனை நிறுத்தி வைக்க

படுக்கை, பிரிட்ஜ், தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ளேயே இருக்கும் எங்கள் கேம்பர் வேனில் கட்ச் வரை நாற்பது நாள் சுற்றிவிட்டு மே கடைசியில் செங்கோட்டை வந்து சேர்ந்தோம். ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிட்டால் ஆகஸ்ட் வரை வண்டியை எடுக்க மனசு வராது. பனி நாடுகளில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்குமே என்று பயப்படுவார்கள். நமக்கு எதிரி ஈரமும் எலியும்தான்.

தண்ணீர் டேங்க், கழிவுத் தொட்டி இரண்டையும் காலி செய்து குழாய்களைத் திறந்தே விடுங்கள். போன வருஷம் பிரிட்ஜைக் கழுவிச் சாத்திவிட்டுப் போனேன். திறந்தபோது கதவு ரப்பர் மடிப்பெல்லாம் கறுப்புப் பூசணம், பல் துலக்கும் பிரஷ்ஷால் அரை நாள் தேய்த்தேன். இப்போது கதவிடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டிச் செருகிவிடுகிறேன். மெத்தையையும் நிமிர்த்தி வையுங்கள்.

ஹேண்ட்பிரேக் வேண்டாம். ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தால் போதும். டீசலை முழுக்க நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் உள்ளே ஈரம் கோக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். கேஸ் சிலிண்டர் வெளியே.

அப்புறம் எலி. மிக்சர் தூள்கூட மிஞ்சக்கூடாது. சைலன்சர் வாயில் கம்பி வலை செருகினால், ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். வலையை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்த ஆள் நான்.