ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை வாலிபர்கள் எட்டுப் பேர் பழப்பையோடு அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஒவ்வொரு கட்டிலாகச் சுற்றி நின்று பாடி, ஜெபித்து, பழத்தை வைத்துவிட்டு வந்தார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் போய்வந்தேன். போட்டோ எடுக்கக் கூடாது, கொடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பதெல்லாம் பிரசங்கத்திலேயே கேட்டிருப்பீர்கள். அதை விட்டுவிட்டு, நாம் வழக்கமாகச் செய்யும் வேறு சில தவறுகளைச் சொல்கிறேன்.

கேட்காமல் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். சபையில் ஒரு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் வீடு வீடாகப் பணம் சேர்த்து ஒரு சக்கர நாற்காலி வாங்கினேன். எங்கள் போதகர் ஆராதனையில் ஜெபித்துக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்த நாற்காலியில் துணி காய்கிறது. வாசலில் மூன்று படி. உள்ளே நடையில் நாற்காலி திரும்பாது. அண்ணனின் மனைவியான அந்த அக்காவுக்குத் தேவைப்பட்டது, பிசியோதெரபிக்குப் போய்வர ஆட்டோக் காசும், அவரைத் தூக்கி ஏற்ற ஒரு ஆளும்தான். அது கிடைக்காமல் பயிற்சி நின்றேபோனது. கை கால் மீள்வதற்கு முதல் சில மாதங்கள்தான் முக்கியம். அந்த மாதங்கள் போய்விட்டன.

“ஆசையா வாங்கித் தந்தீங்க தம்பி, எப்படிச் சொல்றது?” என்றார் அக்கா.

பைபிளில், எரிகோவில் பிச்சை எடுத்த பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது கூட்டத்துக்கே தெரியும். ஆனாலும் உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று இயேசு அவனிடமே கேட்டார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடரிடம் வந்து, பிரசவ வலியில் கிடந்த மனைவியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டரான தன் அப்பாவை அனுப்புவதாகச் சொல்லியும், ஆண் டாக்டர் வேண்டாமென்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர்கள் கேட்டதையே செய்வது என்று அவர் தானே மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி வந்தார். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி அப்படித்தான் தொடங்கியது.

அப்புறம், “ஏதாவது வேணுமா?” என்று கேட்டால் “ஒண்ணும் வேண்டாம்” என்றுதான் பதில் வரும். “ராத்திரி கூட யார் இருக்காங்க? நாளைக்கு ஸ்கேனுக்கு யார் கூட்டிட்டுப் போறாங்க?” என்று கேளுங்கள்.

சத்தமாக ஜெபிப்பது

பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் வலிக்கிறது.

பெட்பேன் எடுக்கும் நேரத்தில் வெளியே போய் நிற்பது

செய்யாதீர்கள்.

உதவியை வாங்க மறுப்பது

போன வருடம் எனக்கு டெங்கு வந்தபோது அதே அக்கா போன் செய்து, “கஞ்சியா, ரசம் சாதமா, எது இறங்கும்?” என்று கேட்டார். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். இயேசு தன் காலைக் கழுவ வந்தபோது விடமாட்டேன் என்ற சீடர் பேதுரு நினைவுக்கு வந்தார். கஞ்சி என்றேன். நான்கு நாள் கொண்டுவந்தார்.