புதுக் காதுகளுக்கு ஒரு மணி நேரக் கச்சேரி

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகாதவர்களுக்கு நிகழ்ச்சி வைப்பதென்றால் 60 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சொல்லித்தர ஒரு தாளம், ஒரு ராகம் போதும். 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) என்று ஆரம்பித்தால் கூட்டம் கைப்பேசியை எடுத்துவிடும்.

முதலில் காவடிச் சிந்து. 1860-இலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தோரில் பலருக்கு இன்று தமிழ் பேச வராது. ஆனால் தைப்பூசக் காவடியின் நடை காலுக்குத் தெரியும். பாட்டை ஆங்கில எழுத்தில் அச்சடித்து, பொருளையும் சேர்த்து வாசலிலேயே கொடுங்கள்.

அடுத்து ஆதி தாளம். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்; பிறகு தட்டு, வீச்சு (தட்டாமல் கையைத் திருப்புவது), தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். சிந்து திஸ்ர நடையில், அதாவது மூன்று மூன்றாக, போயிருக்கும். மிருதங்கம் நிற்காமல் ஆதிக்குத் தாவினால் சபை மூன்று மூன்றாகவே தட்டிக்கொண்டிருக்கும். வாசிப்பை முழுதாக நிறுத்தி, நாலு நாலாக எண்ணும் ‘தகதிமி’யை வாயால் நாலு ஆவர்த்தம் (தாளத்தின் முழுச் சுற்று) சொல்லி, பிறகு கையைச் சேருங்கள். வீச்சிலும் தட்டிவிடுவதும், போகப்போக வேகம் கூடுவதும் சகஜம். விநாடிக்கு ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்று பிடித்துக்கொண்டால் அடங்கும். பள்ளியில் வைத்தால் ஜூலுப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) அவர்களுக்கு அந்நியமாக இருக்காது.

ராகத்துக்கு மோகனம். பள்ளியிலோ சர்ச்சிலோ கீபோர்டு இருந்தால் வேலை பாதியாகும். நாலரைக் கட்டையை (F#) ஸ என்று வைத்து, கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தச் சொல்லுங்கள்: ஸ ரி க ப த. ஆண் பாடகருக்கு அது உச்சமாக இருந்தால் கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை ஐந்து குறைத்தால் ஒன்றரைக் கட்டை (C#). அதே கட்டைகளில் அடுத்ததை ஸ ஆக்கினால் மத்யமாவதி, அதற்கடுத்ததில் இந்தோளம். இப்படி ஸ-வை மாற்றி வேறு ராகம் பெறுவதற்கான கிரக பேதம் என்ற பெயரை அன்றைக்குச் சொல்லவே வேண்டாம். கீபோர்டில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வராது; அதே ஐந்து ஸ்வரத்தையும் பாடகர் உடனே பாடிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சங்கீதம் என்றால் கட்டை அழுத்துவது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

மீதி நேரத்துக்கு மோகனத்தில், ஆதியில், ஒரே கிருதி. தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் வாசிப்பது) மூன்று நிமிடம். சபை தாளம் போடட்டும்.

மிருதங்கத்தை ஒரு மணி நேரம் முன்பே மண்டபத்தில் வையுங்கள். டர்பன் கோடையின் ஈரத்தில் தோல் தளரும். ஏசியில் காய்ந்தால் சுருதி ஏறும். தொப்பியில் (இடப் பக்கத் தோலில்) பூசிய ரவையும் சீக்கிரம் உலர்ந்துவிடும், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். மின்சாரத் தம்புராவுக்குப் பேட்டரி கட்டாயம்.

முடிந்ததும் பிள்ளைகள் மிருதங்கத்தைத் தொட ஓடி வருவார்கள். தொப்பிப் பக்கம் தட்டட்டும். வலந்தலையின் (வலப் பக்கத் தோலின்) கரணையில், அதாவது நடுவில் உள்ள கறுப்புப் பூச்சில், ஈரக்கை பட்டால் பொரிந்து உதிரும். சங்கீத வகுப்பில் சேரப் பெயர் எழுதும் தாளை அந்த நேரத்தில் நீட்டுங்கள், அடுத்த வாரம் கேட்டால் வராது.