“நோட்டு எங்க பிரதர்?” என்று கேட்க ஓர் ஆளை வைத்துக்கொள்வது எப்படி

தண்டையார்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்களுடையது மாடியில் தகர ஷெட் போட்ட சின்ன கிறிஸ்தவ சபை. போன வருடம் வாலிபர் கூட்டத்தின் டூர் பணமும் அதன் கணக்கு நோட்டும் என்னிடம் இருந்தன. வண்டிக்கு எஃப்.சி. தேதி நெருங்க, அந்தப் பணத்திலிருந்து நாலாயிரம் எடுத்தேன். பத்து நாளில் திருப்பி வைத்துவிட்டேன், ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம் ஒரு சனிக்கிழமை, டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் சபையை நடத்துவதில் பாஸ்டருக்குத் துணையாக இருக்கும் எங்கள் மூப்பர் சும்மா கேட்டார்: “நோட்டு எங்க பிரதர்?”

வயிற்றில் புளியைக் கரைத்தது. சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. எடுத்த தேதி, வைத்த தேதி, காரணம் மூன்றையும் என் கையெழுத்திலேயே எழுத வைத்தார். பாஸ்டரிடம் இருவருமாகப் போய்ச் சொன்னோம். நோட்டு மூன்று மாதம் வேறொரு தம்பியிடம் போனது. பணத்தைத்தான் வைத்துவிட்டேனே, இதெல்லாம் எதற்கு என்று இரண்டு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். கீழ்ப்படிதல் என்று இத்தனை நாள் பாடியது அந்த இரண்டு வாரத்தில்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

நீங்களும் இப்படி ஒருத்தரைத் தேடுவதானால், பாஸ்டராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்குக் கடன் கொடுத்தவரோ உங்களிடம் வாங்கியவரோ வேண்டாம். வாய் திறக்க முடியாது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். நாளும் இடமும் முடிவாக இருக்கட்டும். “எப்படி இருக்கீங்க?” என்றால் “ஸ்தோத்திரம்” என்போம், பேச்சு முடிந்தது. அதனால் கேள்விகளை முன்கூட்டியே நீங்களே கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்தவை: கையில் இருக்கிற அடுத்தவர் பணம் எவ்வளவு? வீட்டில் யாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை? போனில் எதை அழித்தீர்கள்? மூன்றாவதுதான் கஷ்டம்.

சரி, பாஸ்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதா? எபிரெயர் 13:17 கீழ்ப்படியச் சொல்கிறது; அதே வசனம் நடத்துகிறவர்களும் உத்தரவாதம் சொல்ல வேண்டியவர்கள் என்கிறது. 1 பேதுரு 5:3 மந்தையை இறுமாப்பாய் ஆளக் கூடாது என்கிறது. முன்பு நான் போன ஒரு சபையில், நிலம் வாங்கச் சேர்த்த காணிக்கைக்குக் கணக்குக் கேட்டேன். “அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே” என்று பதில் வந்தது. 105-ஆம் சங்கீதத்தில் அந்த வார்த்தை, ஊர் ஊராய் அலைந்த ஆபிரகாம் குடும்பத்தின்மேல் கைவைக்காதபடி ராஜாக்களுக்குச் சொன்னது. தாவீதைப் பாருங்கள். எங்கேதி குகையில், தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுல்மேல் கை போடவில்லை. ஆனால் சவுலின் சால்வையிலிருந்து அறுத்த தொங்கலைக் காட்டி, குனிந்து வணங்கி, நியாயம் கேட்டான். கேட்ட பிறகு சவுலோடு அரண்மனைக்கும் போகவில்லை.

நீங்களும் அப்படிக் கேளுங்கள். மத்தேயு 18-இன் வரிசைதான்: முதலில் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில் சபையில். மூப்பர்மேல் குற்றச்சாட்டு என்றால் இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 5:19. வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பிக்காதீர்கள், அது பஞ்சாயத்தாகிவிடும். பிள்ளைகளுக்கு ஒருவன் தீங்கு செய்தான் என்றால் மட்டும் இந்த வரிசையே கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போடுங்கள், போலீசுக்குப் போங்கள். சபை மானம் போகும் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற பெரிய சபையில் ஐயர் என்று அழைக்கப்படும் பாஸ்டருக்கு மேலே பிஷப், செலவைப் பார்க்க கமிட்டி என்று இருக்கிறது. எங்களைப் போன்ற தனிச்சபைக்கு மேலே யாரும் இல்லை, நாமேதான் ஏற்படுத்த வேண்டும். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது, யாரும் குறை சொல்லாதபடி பவுலே கூட ஆள் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). எங்கள் சபையில் இப்போது காணிக்கைப் பையை அவிழ்ப்பது சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர். ரூபாய் நோட்டு தனி, சில்லறை தனி என்று எண்ணி எழுதுவார்கள். இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே பாஸ்டர் கைக்குப் போகும். இதை முதலில் கேட்டது பாஸ்டரம்மாதான். போன ஞாயிறு ஒரு கிழிந்த ஐம்பது ரூபாய் வந்தது. அதையும் “கிழிந்தது” என்று எழுதித்தான் வைத்திருக்கிறோம்.