கை ஓடாத நாளில் எங்கே போய்ப் பார்ப்பது

கல்யாணக் கார்டு வரைவது என் தொழில். கடைக்கு வருகிற எல்லாரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "புதுசா ஏதும் செய்து தாங்கோ." அந்தப் புதுசை எங்கே போய் எடுப்பது என்று என்னிடம் தொழில் பழகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நான் செய்வதைச் சொல்கிறேன். கதை எழுதுகிறவர்களுக்கும் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கும் பெரும்பாலும் இது உதவும்.

முதலில் போனை மேசையில் வைத்துவிட்டு எழும்புங்கள். அதில் தேடினால் சென்னையில் இருப்பவருக்கும் ரொறன்ரோவில் இருப்பவருக்கும் வருகிற அதே மயில்தான் உங்களுக்கும் வரும். நல்லூர்க் கோபுரமும் கசூரினாக் கடற்கரையும் அப்படித்தான். அழகில் குறையில்லை, ஆனால் எல்லாரும் எடுத்துத் தேய்ந்துவிட்டன.

வெளியே போகும்போது ஒரே ஒரு வேலையோடு போங்கள். இன்றைக்கு நிறம் மட்டும், அல்லது கோடு மட்டும். எல்லாவற்றையும் பார்க்கப் போனால் ஒன்றும் கண்ணில் நிற்காது. நிறத்துக்கு நான் போவது மீன் சந்தைக்கு, அதுவும் விடியவே. கடல்நண்டை ஒருமுறை ஆறுதலாகப் பாருங்கள். ஆண் நண்டின் காலில் நீலம், ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள். பெண் நண்டு பச்சை கலந்த கபிலம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கார்டுக்கான நிறம் முழுக்கக் கிடைத்துவிடும். கடைக்காரர் "வாங்கப் போறீங்களோ, பார்க்கப் போறீங்களோ" என்று கேட்பார். அரைக் கிலோ வாங்கிவிடுங்கள், அடுத்த முறையும் நிற்க விடுவார்.

கோட்டுக்குப் பனையோலைச் சாமான்கள். சுளகு, கடகம், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி எல்லாம் வீட்டிலேயே இருக்கும், அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. சாயம் போட்ட ஓலை ஒன்று விட்டு ஒன்று மேலே வந்து போவதைக் கொப்பியில் கட்டம் கட்டமாக வரைந்து பாருங்கள். கரைக்கு வைக்கும் வடிவம் தானாக விழும். நீத்துப்பெட்டியைக் கவிழ்த்து மேலிருந்து பார்த்தால் இன்னொரு வடிவம். பின்னுகிற ஆச்சி யாராவது அயலில் இருந்தால் பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள். முடிந்த பெட்டியை விடப் பாதி பின்னிய பெட்டிதான் அதிகம் சொல்லித்தரும்.

பிறகு சுவர். லியனார்டோ டா வின்சி ஓவியம் பழகுகிறவர்களுக்கு எழுதிவைத்த ஒரு யோசனை உண்டு: கறை படிந்த சுவரை உற்றுப் பாருங்கள், மலையும் ஆறும் மரமும் சண்டைக் காட்சியும் முகங்களும் தெரியும் என்று. எங்கள் ஊரில் சுண்ணாம்பு உதிர்ந்த பழைய வீட்டுச் சுவருக்குப் பஞ்சமா? ஆட்களில்லாத வீடென்றாலும் மதிலுக்கு வெளியே நின்று பாருங்கள். உள்ளே ஏறப் போகாதீர்கள்.

எழுத்து வடிவம் தேடுகிறவர்கள் பழைய தாள்களைப் பார்க்கத்தான் வேண்டும். 1981 இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போயின. பழையதைத் தேடும்போது அந்த வெறுமை இன்னும் கையில் தட்டுப்படும். ஆனாலும் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நிறைய வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. 1930 இல் சுன்னாகத்தில் தொடங்கிய ஈழகேசரி போன்றவற்றின் தலைப்பெழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கதை எழுதுகிறவர்கள் விளம்பரங்களையும் மரண அறிவித்தல்களையும் விடாதீர்கள். ஒரு குடும்பம் யாரை எந்த வரிசையில் பெயர் சொல்கிறது என்பதிலேயே பாதிக் கதை இருக்கும்.

ஒன்றும் வராவிட்டால் நடவுங்கள். சைக்கிள் வேண்டாம், ஒழுங்கையில் நாய்க்குப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். (நாய் நடக்கிறவரையும் துரத்தும்தான், ஆனால் குறைவு.) 2014 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இருந்தவர்களை விட நடந்தவர்களுக்குப் புது யோசனைகள் அதிகம் வந்தன, வெறும் சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும்தான். ஆனால் ஒரே விடை உள்ள சொற்புதிர்களுக்கு நடை உதவவில்லை. ஆகவே யோசனை பிடிக்க நடவுங்கள், எதை வைத்துக்கொள்வது என்று தெரிவு செய்ய வீட்டுக்கு வந்து இருங்கள்.

சின்னக் கொப்பியும் பென்சிலும் பையில் இருக்கட்டும். பேத்தோவன் நடக்கப் போகும்போது அப்படித்தான் கொண்டுபோனார், பென்சிலால் கிறுக்கிய கொப்பிகளில் பல இன்னும் இருக்கின்றன. மார்கழி மழையில் பேனை மை கரைந்துவிடும், பென்சில் நிற்கும்.

அன்றிரவே மூன்று மாதிரி வரைந்துவிடுங்கள், நாளைக்கென்று வைத்தால் நிறம் நினைவில் மங்கிவிடும். கல்யாண வீட்டுக்காரருக்குக் காட்டும்போது எங்கே எடுத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். நண்டென்று தெரிந்தால் சைவக்காரர் கார்டைத் தொடவும் மாட்டார்.