ராப்பருக்கு பீட் ஃப்ரீயா குடுக்கலாமா? குடுக்கறதா இருந்தா இப்படி குடுங்க

"ப்ரோ உங்க பீட் செம, ஒண்ணு ஃப்ரீயா தாங்களேன், பாட்டு ஹிட் ஆனா உங்களுக்கும் நல்ல பேரு கிடைக்கும்." பீட், அதாவது ராப்பர் மேல பாடறதுக்கான மியூசிக் ட்ராக், பண்ற எல்லாருக்கும் இன்ஸ்டால இந்த மெசேஜ் வந்திருக்கும். வீட்ல ஒரு லேப்டாப்பும் ஹெட்ஃபோனும் வச்சு ராத்திரி முழுக்க உக்காந்து பீட் பண்ற தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதறேன், இந்த மெசேஜுக்கு என்ன பதில் சொல்றது, குடுக்கறதுன்னு முடிவு பண்ணா எப்படி குடுக்கறதுன்னு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். காசு வாங்காம குடுக்கறதுல தப்பே இல்ல, ஆனா பீட்டோட விலை வேற, பாட்டுல உங்களுக்கு இருக்கற பங்கு வேற. விலையை விட்டுக்குடுக்கலாம், பங்கையும் பேரையும் விடவே கூடாது. நம்ம ஆளுங்க நிறைய பேரு ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு மொத்தமா தூக்கிக் குடுத்துடறாங்க, அதுலதான் எல்லா சண்டையும் வருது.

ஓல்ட் டவுன் ரோட் பாட்டு உங்களுக்குத் தெரியும், 2019ல அமெரிக்காவோட ஹிட் பாட்டு லிஸ்ட்டான பில்போர்ட் ஹாட் 100ல 19 வாரம் முதல் இடத்துல இருந்துச்சு. அந்த பீட்டை பண்ணது நெதர்லாந்துல இருந்த யங்கியோன்னு ஒரு சின்னப் பையன், பீட் விக்கற வெப்சைட்டான பீட்ஸ்டார்ஸ்ல போட்டு வச்சிருந்தான், பாட்டைப் பாடின ராப்பர் லில் நாஸ் எக்ஸ் அதை வாங்கின விலை 30 டாலர். வெறும் 30 டாலர், கிட்டத்தட்ட சும்மா குடுத்த மாதிரிதான். ஆனாலும் அந்தப் பாட்டுல ப்ரொட்யூசராவும் பாட்டு எழுதினவங்கள்ல ஒருத்தராவும் அவன் பேரு இருக்கு, அவனுக்கு வாழ்க்கை மாறினது அதாலதான், அந்த 30 டாலரால இல்ல. அதனால ஃப்ரீயா 30 டாலராங்கறது சின்னக் கேள்வி, பேரு எங்க எழுதப்பட்டிருக்குங்கறதுதான் பெரிய கேள்வி.

சரி, முதல்ல யாருக்கு குடுக்கறதுன்னு பாருங்க. கேக்கறவரோட பேஜுக்குப் போங்க, ஃபாலோயர் எண்ணிக்கையை விடுங்க, இதுவரைக்கும் எத்தனை பாட்டை முடிச்சு ரிலீஸ் பண்ணிருக்காருன்னு பாருங்க. ஸ்டோரில ஸ்டுடியோ ஃபோட்டோவா போட்டுட்டு ஒரு பாட்டு கூட வெளிய வராத ஆளுக்கு பீட் குடுத்தா அது அவர் ஃபோன்லயே கிடக்கும். இன்னொண்ணு, பீட் அனுப்பறதுக்கு முன்னாடி டேக் (நடுநடுவுல உங்க பேரைச் சொல்ற குரல்) போட்ட ஒரு நிமிஷ பிட் அனுப்பி "ஃபோன்லயே எட்டு பார் பாடி அனுப்புங்க ப்ரோ"ன்னு கேளுங்க, எட்டு பார்னா சுமாரா எட்டு வரி. நிஜமாவே எழுதறவரு அன்னைக்கு ராத்திரியே அனுப்பிடுவாரு, மத்தவங்க பதிலே போட மாட்டாங்க, அதுலயே பாதி வடிகட்டிடும். வீடியோவுக்கு கேமராமேன், ட்ரோன், எடிட்டர்னு எல்லாருக்கும் காசு குடுத்துட்டு பீட்டுக்கு மட்டும் பட்ஜெட் இல்லன்னு சொல்றவருக்கு தயவுசெஞ்சு ஃப்ரீயா குடுக்காதீங்க, பாட்டோட முதுகெலும்பே நம்ம வேலைதான்.

யாருக்கு தாராளமா குடுக்கலாம்? உங்க லெவல்லயே இருக்கற, கூட வளர்ற ஆளுக்கு. அமெரிக்க ஹிப்ஹாப் ப்ரொட்யூசர் மெட்ரோ பூமின் ஸ்கூல் படிக்கும்போதே ட்விட்டர்ல ராப்பர்ஸைத் தேடிப் பிடிச்சு பீட் அனுப்பினவரு, செயின்ட் லூயிஸ்ல இருந்து அட்லான்டாவுக்கு எட்டு மணி நேரம் அவங்க அம்மா கார் ஓட்டிக் கூட்டிட்டுப் போவாங்களாம். அவரு தேடினது ஒரு பாட்டு இல்ல, திரும்பத் திரும்ப சேர்ந்து வேலை செய்ற ஆளுங்க. நம்ம ஊர்லயும் ராப்பர் அறிவும் ப்ரொட்யூசர் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019ல தெருக்குறல் ஆல்பம் போட்டாங்க, ராப்பர் பேரும் ப்ரொட்யூசர் பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. அந்த மாதிரி ஒரு கூட்டு அமையும்னு தோணுச்சுன்னா காசைப் பத்தி யோசிக்கவே வேணாம்.

அடுத்தது எழுத்து. இதைத்தான் எல்லாரும் வெக்கப்பட்டு விட்டுடறோம், ஃப்ரெண்டுகிட்ட போய் கண்டிஷன் போடறதான்னு. போடுங்க, ஃப்ரெண்டுங்கறதாலதான் போடணும். இந்தியால காப்பிரைட் லைசென்ஸ் எழுத்துல இருக்கணும்னுதான் சட்டமே சொல்லுது. இந்த மாதிரி ஒரு மெசேஜ் போதும், உங்க வசதிக்கு மாத்திக்கோங்க:

"ப்ரோ, இந்த பீட்டை ஒரே ஒரு பாட்டுக்கு யூஸ் பண்ண காசு வாங்காம குடுக்கறேன். பீட் ஓனர் நான்தான், மத்தவங்களுக்கும் குடுப்பேன். யூடியூப், ஸ்பாட்டிஃபை மாதிரி எல்லா இடத்துலயும் போடலாம். டைட்டில்லயும் கிரெடிட்லயும் என் பேரு வரணும். கம்போசிஷன்ல ஆளுக்கு 50, மாஸ்டர் வருமானத்துல எனக்கு 30 சதவீதம். கன்டென்ட் ஐடில ரெஜிஸ்டர் பண்ணக் கூடாது. சினிமா, விளம்பரம், லேபிள்னு யாராவது கேட்டா ரெண்டு பேரும் உக்காந்து புதுசா பேசுவோம். ஆறு மாசத்துல ரிலீஸ் ஆகலன்னா இந்த பர்மிஷன் முடிஞ்சுடும். சரின்னா உங்க முழுப் பேரு போட்டு ரிப்ளை பண்ணுங்க."

இதையே ஈமெயில்லயும் ஒரு காப்பி அனுப்பிடுங்க, இன்ஸ்டா அக்கவுன்ட் போனா சாட்டும் சேர்ந்து போயிடும். கம்போசிஷன், அதாவது மியூசிக்கும் வரியும் சேர்ந்த பாட்டு, அதுல பாதிப் பாதிங்கறது ஹிப்ஹாப்ல பழக்கமான கணக்கு, மியூசிக் ஒரு பாதி, வரிகள் ஒரு பாதி. மாஸ்டர்ங்கறது ரெக்கார்ட் ஆன அந்த ஆடியோ, அதுக்கு ராப்பர்தான் ஸ்டுடியோ செலவு, மிக்ஸிங் செலவு பண்ணிருப்பாரு, அதனால அதுல 20ஓ 30ஓ பேசி முடிவு பண்ணுங்க, அடம் பிடிக்காதீங்க. ஒரு விஷயம் மட்டும் தெளிவா தெரிஞ்சுக்கோங்க, ஸ்பாட்டிஃபைல 2024ல இருந்து ஒரு பாட்டு 12 மாசத்துல ஆயிரம் ஸ்ட்ரீம் தாண்டினாதான் ரெக்கார்டிங் ராயல்டியே வரும், அதனால புது ராப்பர் பாட்டுல உங்க 30 சதவீதம் ரொம்ப நாளைக்கு ஒண்ணுமே இல்லாம இருக்கலாம். "பங்கு தரேன்ல, அப்புறம் எதுக்கு காசு"ன்னு ஒருத்தர் கேட்டா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

சிலர் "எல்லா ரைட்ஸும் எழுதிக் குடுங்க"ன்னு கேப்பாங்க. அது லைசென்ஸ் இல்ல, உரிமையையே மாத்திக் குடுக்கறது, ஃப்ரீ பீட்டுக்கு அதை செய்யவே செய்யாதீங்க. 2012ல வந்த காப்பிரைட் சட்டத் திருத்தத்துல மியூசிக் பண்ணவரும் வரி எழுதினவரும் ராயல்டில தங்களோட சம பங்கை விட்டுக்குடுக்கவே முடியாதுன்னு இருக்கு, நீங்களே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. அந்த அளவுக்கு சட்டமே நம்ம பக்கம் நிக்கும்போது நாம ஏன் தலையை ஆட்டணும்?

எந்த ஃபைல் குடுக்கறது? முதல்ல டேக் போட்ட எம்பி3, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க குரல் டேக் வரட்டும், ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வர்ற பல்லவி, ஆரம்பிக்கற இடத்துல கண்டிப்பா ஒண்ணு. அவர் ஓகே ரிப்ளை பண்ணி டெமோவும் அனுப்பினதுக்கு அப்புறம் ஆரம்பத்துல மட்டும் டேக் இருக்கற வேவ் ஃபைல் குடுங்க. ஸ்டெம்ஸ், அதாவது கிக், 808 பேஸ், மெலடின்னு தனித்தனி ட்ராக், அதை ஃப்ரீல குடுக்காதீங்க. மிக்ஸ் இன்ஜினியருக்கு தேவைன்னா அதுக்கு ஒரு விலை வச்சுக்கோங்க.

சாம்பிள், அதாவது வேற பாட்டுல இருந்து வெட்டி எடுத்த துண்டு, இருக்கற பீட்டா? அப்போ நிறுத்துங்க. ராஜா சார் பாட்டுல நாலு பார் வெட்டி பிட்ச் இறக்கி போட்டது கேக்க எவ்வளவு நல்லா இருந்தாலும், கம்போசிஷனுக்கு ஒரு பர்மிஷன், ரெக்கார்டிங்குக்கு ஒரு பர்மிஷன்னு ரெண்டு வேணும், ஃப்ரீயா குடுத்தேங்கறது அதுக்கு விலக்கு கிடையாது. ஓல்ட் டவுன் ரோட்லயே அந்த பேஞ்சோ மாதிரி சத்தம் நைன் இன்ச் நெயில்ஸ்ங்கற ராக் பேண்ட் 2008ல விட்ட ஒரு ட்ராக்ல இருந்து எடுத்த சாம்பிள், அதான் அந்த பேண்டோட ட்ரென்ட் ரெஸ்னரும் அட்டிகஸ் ராஸும் அந்தப் பாட்டு எழுதினவங்க லிஸ்ட்ல இருக்காங்க. சாம்பிள் இருந்தா ராப்பர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அவர் பாட்டு தூக்கப்பட்டா அந்தப் பழி உங்க மேலதான் விழும்.

மெசேஜ்ல கன்டென்ட் ஐடின்னு ஒரு வரி வச்சேன்ல, அதாவது ஒரு ஆடியோ யூடியூப்ல எந்த வீடியோல வந்தாலும் கண்டுபிடிச்சு உரிமை கேக்கற சிஸ்டம், அது சின்ன விஷயமா தெரியும், ஆனா நிறைய தலைவலி அங்கதான். உங்க பீட்டை மூணு பேருக்கு குடுத்திருக்கீங்க, அதுல ஒருத்தர் அப்லோட் பண்ணும்போது யூடியூப் கன்டென்ட் ஐடிக்கும் ஒரு டிக் போட்டுட்டாருன்னு வைங்க, அதுக்கப்புறம் மத்த ரெண்டு பேர் வீடியோ மேலயும் க்ளெய்ம் விழும், உங்க சொந்த சேனல்ல இருக்கற அந்த பீட் மேலயே விழும். வேற யாருக்கும் குடுக்காத எக்ஸ்க்ளூசிவ் பீட்டா இருந்தாதான் அதை ஆன் பண்ணணும், யூடியூபோட ரூலும் அதான். ரிலீஸுக்கு முந்தின நாள் ராப்பருக்கு ஃபோன் போட்டு இதை வாயாலயும் ஒரு தடவை சொல்லிடுங்க.

அதே ஃபோன்லயே கிரெடிட் ஸ்பெல்லிங்கையும் செக் பண்ணிக்கோங்க. டிஸ்ட்ரோகிட் மாதிரி டிஸ்ட்ரிப்யூட்டர்ல (பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களுக்கு அனுப்பற சர்வீஸ்) வருமானத்தைப் பிரிச்சுக் குடுக்கற ஸ்ப்ளிட் வசதி இருக்கு, உங்க சதவீதத்தை அவர் அங்கயே போட்டா காசு நேரா உங்களுக்கே வந்துடும், மாசா மாசம் கேட்டுட்டு நிக்க வேணாம். அப்புறம் பாட்டு எழுதறவங்களுக்கும் கம்போசருக்கும் ராயல்டி வசூல் பண்ணிக் குடுக்கற இந்திய அமைப்பான ஐபிஆர்எஸ்ல மெம்பர் ஆகுங்க, கம்போசரா பாட்டை ரெஜிஸ்டர் பண்ணுங்க, ராப்பரையும் வரி எழுதினவரா சேரச் சொல்லுங்க. சின்னப் பாட்டுதானேன்னு விடாதீங்க, எந்தப் பாட்டு ஓடும்னு யாருக்கும் தெரியாது.

ஒரே ஆளுக்கு எத்தனை பீட் ஃப்ரீ? என் கணக்குல ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. முதல் பாட்டு வெளிய வந்து கிரெடிட், ஸ்ப்ளிட் எல்லாம் ஒழுங்கா பண்ணாருன்னா அடுத்ததுக்கு சின்னதா ஒரு விலை சொல்லுங்க, ஆயிரம் ரூபாயா இருந்தாலும் பரவாயில்ல, வேலைக்கு விலை இருக்குங்கறது ரெண்டு பேருக்கும் பழகணும். முதல் பாட்டுலயே பேரு போட மறந்தவருக்கு ரெண்டாவது பீட் அனுப்பறதுக்கு முன்னாடி பழையதை எடிட் பண்ணி கிரெடிட் போடச் சொல்லுங்க, யூடியூப் டிஸ்கிரிப்ஷன் மாத்த ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

பாட்டு ஓட ஆரம்பிச்சு ராப்பரே வந்து "ப்ரோ இந்த பீட்டை எனக்கு மட்டும் எக்ஸ்க்ளூசிவா குடுங்க"ன்னு கேட்டா, இதுவரைக்கும் வேற யார் யாருக்கு குடுத்தீங்கன்னு லிஸ்ட்டை எடுத்து அவர்கிட்ட காட்டிட்டு அப்புறம் விலை பேசுங்க. அதுக்குத்தான் எந்த பீட், யாருக்கு, எந்த தேதில, எந்த ஃபைல்னு ஒரு ஷீட்ல முதல் நாள்ல இருந்தே எழுதி வைக்கணும், ப்ராஜெக்ட் ஃபைலையும் தேதியோட ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க.