கணைய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடைப்பயிற்சி: எங்கே தொடங்குவது, எப்படிக் கூட்டுவது

கணையத்தில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் கொஞ்சமா நடங்க." எத்தனை நிமிடம், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, எந்த வேகத்தில், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு விப்பிள் ஆபரேஷன் நடந்த பிறகு சர்ஜனிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நடந்து பார்த்து ஒத்துவந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

விப்பிளில் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றை எடுத்துவிடுவார்கள். சிலருக்கு இரைப்பையிலும் கொஞ்சம் போகும். கணையத்தின் வால்பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். முழுக் கணையத்தையும் எடுத்தவர்கள் சர்க்கரை பற்றிய பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

நடப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா என்று சந்தேகம் இருந்தால்: பிலடெல்பியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-ல் வெளிவந்தது. கணையத்திலும் அதை ஒட்டிய பகுதியிலும் புற்றுநோய்க்காக ஆபரேஷன் செய்துகொண்ட 102 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை வீட்டிலேயே படிப்படியாக நடையைக் கூட்டச் சொன்னார்கள். அவர்களுக்குச் சோர்வு குறைந்தது, வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. இந்தச் சோர்வு தூங்கி எழுந்தால் போகிற சோர்வு இல்லை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். படுத்தே இருந்தால் அது கூடத்தான் செய்யும்.

படி 1: சர்ஜனிடம் அனுமதி

பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே ஓரிரு நாளில் நடக்க வைத்துவிடுவார்கள், அதனால் நடைக்குத் தடை இருக்காது. ஆனால் எடை தூக்குவது, வயிற்றுத் தசைப் பயிற்சி, சைக்கிள், நீச்சல் ஆகியவற்றை எப்போது தொடங்கலாம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாக முதல் 6 வாரமாவது 4, 5 கிலோவுக்கு மேல் தூக்க விடமாட்டார்கள். தையல் போட்ட இடத்தில் ஹெர்னியா வரக்கூடும். வயிற்றுக்குள் தேங்கும் திரவத்தை வெளியே எடுக்கும் டிரெய்ன் குழாயோடு வீட்டுக்கு வந்திருந்தால், அதன் பையை உடையோடு சேர்த்துப் பின் குத்திக்கொண்டு நடக்கலாம்.

படி 2: இன்றைய அளவை எழுதுங்கள்

சமதளமான இடத்தில், உடன் ஒருவரை வைத்துக்கொண்டு, இயல்பான வேகத்தில் நடங்கள். உட்கார வேண்டும் என்று எப்போது தோன்றுகிறதோ அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் உங்கள் தொடக்க அளவு. பத்து நிமிடம் தாங்கினால் ஐந்து நிமிட நடை, நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை.

வாழ்க்கைத் தரத்தை அளக்க மருத்துவர்கள் 30 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள், கணையத்துக்கென்று 26 கேள்விகள் தனியாக உண்டு. வீட்டில் அவ்வளவு தேவையில்லை. சோர்வு, தூக்கம், பசி, வெளியே போகும் தைரியம் என்ற நான்குக்கும் வாரம் ஒருமுறை 1 முதல் 4 வரை மதிப்பெண் போட்டால் போதும்.

படி 3: சாப்பாட்டையும் நடையையும் பொருத்துவது

என்னை அதிக நாள் நிறுத்தி வைத்தது இந்தப் படிதான். கால்களில் தெம்பு இருந்தது, வயிறு விடவில்லை.

விப்பிளுக்குப் பிறகு சில வாரங்களுக்குப் பலருக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். சாப்பிட்டவுடன் நடந்தால் மேல்வயிறு கனத்து, குமட்டிக்கொண்டு வரும். வேறு சிலருக்கு நேர்மாறாக, சாப்பாடு மளமளவென்று குடலுக்குள் இறங்கிவிடும். சாப்பிட்ட அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது வந்தால் அது இதுவாக இருக்கலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்குவதும் உண்டு. சரி, வெறும் வயிற்றில் நடக்கலாமே என்றால், பத்தாவது நிமிடத்திலேயே தலைசுற்றல்.

எனக்கு ஒத்துவந்த ஏற்பாடு: வயிறு நிறையச் சாப்பிடாமல் சின்ன அளவில் உணவு, முதல் வாயோடு செரிமானத்துக்கான என்சைம் (நொதி) கேப்ஸ்யூல், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை உட்கார்ந்தபடி ஓய்வு, அப்புறம் நடை. உங்களுக்கு இந்த இடைவெளி மாறலாம். ஒரு வாரம் மூன்று வேளையும் சாப்பிட்ட நேரம், நடந்த நேரம், வயிறு எப்படி இருந்தது என்று எழுதிப் பாருங்கள். எந்த வேளை ஒத்துவருகிறது என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும். எனக்குக் காலை உணவுக்குப் பிந்தைய நடைதான் எப்போதும் நன்றாக அமைந்தது.

இதோடு சேர்ந்த இன்னொன்றை வெட்கப்பட்டுக்கொண்டு பலரும் டாக்டரிடம் சொல்வதில்லை. மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு, தண்ணீரில் மிதந்து, திடீரென்று அவசரமாக வருகிறதா? கணையத்தின் செரிமான நொதி போதவில்லை என்பதற்கான அறிகுறி அது. கழிவறை பக்கத்தில் இருக்குமா என்ற பயத்திலேயே வெளியே போகாமல் இருக்கிறவர்கள் நிறைய. முதலில் டாக்டரிடம் சொல்லி என்சைம் அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கான கேப்ஸ்யூல்களை எல்லாம் ஒரேயடியாக விழுங்காமல், தொடக்கத்தில் பாதி எண்ணிக்கை, நடுவில் மீதி என்று பிரிப்பது பெரிய உணவுகளுக்கு உதவும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது சரியாகும்வரை வீட்டுக்குள்ளேயே, வராந்தாவில் நடந்தாலும் நடைதான்.

படி 4: வேகம்

நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான வேகத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஸ்மார்ட் வாட்ச் காட்டும் நாடித்துடிப்பை நான் நம்புவதில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. ரத்தசோகை இருந்தால் எழுந்து நின்றாலே ஏறிவிடும்.

படி 5: நிமிடத்தைக் கூட்டுங்கள், வேகத்தை விடுங்கள்

வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நடையிலும் இரண்டு மூன்று நிமிடம் சேருங்கள். மறுநாள் காலையில் வழக்கத்தைவிடச் சோர்வாக எழுந்தால் அந்த வாரம் கூட்ட வேண்டாம். சின்னச் சின்ன நடைகளைப் பிறகு ஒன்றாக்கிக்கொள்ளலாம். புற்றுநோயிலிருந்து மீள்கிறவர்களுக்கு 2019-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்வது: மிதமான ஏரோபிக் பயிற்சி, 30 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 8 முதல் 12 வாரம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடம் அதற்கு அடுத்த கட்டம்.

எடை இறங்கிக்கொண்டே போனால் கூட்டுவதை நிறுத்திவிட்டு டயட்டீஷியனைப் பாருங்கள். இந்த நடை எடை குறைக்க இல்லை.

சர்க்கரை

இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று நடக்க வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். முழுக் கணையமும் போனவர்களுக்கு இன்சுலின் மட்டுமல்ல, இறங்கிய சர்க்கரையைத் தூக்கிவிடும் குளுக்ககானும் இல்லை. அதனால் இறக்கம் வேகமாக இருக்கும். சட்டைப்பையில் 15 கிராம் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். மாலையில் அதிகம் நடந்தால் இரவிலும் இறங்கலாம், படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

என்ன வாங்கலாம்

குனியாமல் மாட்டக்கூடிய ஷூ. தையல் இழுக்கும் நாட்களில் கயிறு கட்டக் குனிவதுதான் நடையைவிடக் கடினம். ஆப் எதுவும் வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும். டாக்டரிடம் அப்படியே நீட்டலாம். டிரெட்மில் எனக்குப் பிடிக்கவில்லை. வேகத்தை அது தீர்மானிக்கிறது, பயத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வயிற்றை இறுக்குகிறோம்.

உடனே நிறுத்த வேண்டியவை

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், தையல் இடத்தில் புதிதாக வீக்கம் அல்லது கசிவு. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் நீவிவிடாதீர்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம், கணையப் புற்றுநோயில் அதற்கு வாய்ப்பு அதிகம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நடை வேண்டாம். கீமோவில் இருப்பவர்களும் மண்ணீரல் எடுத்தவர்களும் காய்ச்சல் தானாக இறங்கட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும்.

பின்சேர்ப்பு 1: கீமோ நாட்களில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஊசி போட்ட அடுத்த சில நாட்கள் அளவைப் பாதியாக்குங்கள், முழுதாக விட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிடம் என்றாலும் சரி. ஹீமோகுளோபின், பிளேட்லெட் குறைந்திருந்தால் டாக்டர் சொல்வதுதான் அளவு.

பின்சேர்ப்பு 2: வெளியே நடக்க வழியில்லாதவர்களுக்கு நிலையான சைக்கிள் நல்ல மாற்று. முதுகைச் சாய்த்து உட்காரும் வகையாகப் பாருங்கள். முன்னால் குனிந்து ஓட்டும் வகையில் வயிறு மடங்கும். சர்ஜன் சம்மதித்த பிறகு, எதிர்ப்பு விசையை மிகக் குறைந்த அளவில் வைத்து, நடையில் எந்த நிமிடத்தில் இருக்கிறீர்களோ அதில் பாதியில் தொடங்குங்கள்.